பூசாரி ஏன் பறந்து போகவில்லை

தம்பி,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் நீ சிரிப்பாய். போன ஞாயிற்றுக்கிழமைதான் என் இடது கைக் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை வாங்கிக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாய். வருகிற சனிக்கிழமை மறுபடி வருவாய். நடுவில் அப்பனுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது, போன் இல்லையா என்று கேட்பாய். போன் இருக்கிறது. இரண்டு தடவை எடுத்துப் பேசவும் செய்தேன். முதல் தடவை நான் விஷயத்துக்கு வருவதற்குள் கைவலி எப்படி என்று நீ கேட்டாய், நானும் கைவலியைப் பற்றியே பேசி வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை வெயிலைப் பற்றிப் பேசினேன். பங்குனியில் வெயில் அடிக்கிறது என்பதை உனக்குச் சொல்ல ஒரு போன். அப்போதே தெரிந்துவிட்டது, இது வாயால் ஆகிற காரியம் இல்லை என்று. அதனால் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் இரண்டு தரம் கோட்டைவிட்ட நான், உன் பழைய நோட்டு ஒன்றின் பின்பக்கத் தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு, உடையாத கையால் எழுதுகிறேன். கலியமூர்த்தி மாமா நாளைக்குச் சிதம்பரம் வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புவேன். படிக்காமல் அவனைத் திருப்பி அனுப்பாதே.

விஷயம் லடாக் வேலை. இரண்டு வருஷம், மலைமேல் ஏரிகளில் பறவைகளைப் பார்த்து எழுதுகிற வேலை, உனக்குக் கிடைத்திருக்கிறது. வருகிறேன், வரவில்லை என்று வருகிற திங்கட்கிழமைக்குள் நீ பதில் எழுதவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் நின்று அம்மாவிடம் நீ சொன்னது நடுவீட்டில் படுத்திருந்த என் காதில் விழுந்தது. "பூசாரி நம்மள வுட்டுட்டுப் போனானாம்மா? கூட்டமே கெளம்பிப் போச்சி, அவன் நின்னான். நாயி வந்தப்பவும் நின்னான். ஒரு வாத்துக்கு இருக்கற விசுவாசம் எனக்கு இல்லியா? பொயல்ல பட்டி போச்சி, அப்பா கைய ஒடச்சிக்கினு படுத்திருக்காரு, நான் மலை மேல பறவ எண்ணிக்கினு இருக்கவா?" நான் தூங்குகிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். தானே புயலில் தகரம் என் கைமேல் விழுந்தபோது கத்தினேன் இல்லையா, அதைவிடப் பெரிதாகக் கத்தவேண்டியது அந்த நேரத்தில்தான். கத்தவில்லை. ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். முதலில் உனக்குத் தெரிந்த கதையையே எழுதுகிறேன், கோபப்படாதே. உனக்குத் தெரிந்தது பாதிதான்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்ததற்கு அடுத்த மாதம், தை. நீ பதினொன்றாம் வகுப்பு. நான் எண்ணூறு வாத்துகளைப் பெருமாள் ஏரிக்கரையில் இறக்கியிருந்தேன். காலையில் பட்டியைத் திறந்துவிடப் போனால், ஓரத்துத் தண்ணீரில் யாரோ விட்டுப்போன நைலான் வலையில் ஒன்று மாட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தது. முதலில் நம் வாத்து என்றே நினைத்து இறங்கினேன். கிட்டப் போனதும் இது நம் சாதி இல்லை என்று தெரிந்தது. நம் வாத்தைவிட இரண்டு பங்கு உடம்பு. உடம்பெல்லாம் அடுப்புச் சாம்பல் நிறம். தலை மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, அந்த வெள்ளையில் பின்பக்கமாக இரண்டு கறுப்புப் பட்டை. ஒன்று கண்ணுக்குக் கண் உச்சியைச் சுற்றி, இன்னொன்று அதற்குக் கீழே பிடரியில் கொஞ்சம் சின்னதாக. கழுத்தின் பின்பக்கம் கறுப்பு, இரண்டு பக்கவாட்டிலும் வெள்ளைக் கோடு மேலிருந்து கீழ்வரை இறங்கியிருக்கும். அலகு மஞ்சள், நுனியில் மட்டும் மை தொட்ட மாதிரி ஒரு கறுப்பு. காலும் மஞ்சள்தான், பழுத்த பூவரச இலை நிறம். முப்பது வருஷம் வாத்து மேய்த்தவன், வாத்தின் நடையைப் பார்த்தே எத்தனை நாளாக முட்டை விடவில்லை என்று சொல்வேன் என்று டீக்கடையில் பீற்றிக்கொள்கிறவன், அதைப் பார்த்து மலைத்து நின்றேன். நின்ற நேரத்தில் அது என் கட்டைவிரலைக் கவ்வி ஒரு திருகு திருகியது பார், இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்த விரல் வலிக்கிறது. வலையை அறுத்து, துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இடது இறக்கையின் மடிப்பில் நைலான் அறுத்திருந்தது. எலும்பு ஒடியவில்லை, தோல்தான்.

பெயர் வைத்தது கலியமூர்த்தி மாமா. உன் அம்மாவோடு பிறந்த தம்பிக்குச் சும்மா இருக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். வந்தான், ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். "இன்னா மாமா, எல்லாரும் நெத்தியில பட்ட போடுவாங்க, இவன் பொடனியில போட்டுக்கினு வந்துருக்கான். எந்த ஊரு பூசாரி?" அன்றிலிருந்து அது பூசாரிதான்.

பூசாரிக்குச் சோறு போடுவதில் நான் பட்ட அசிங்கம் உனக்கு நினைவிருக்கும். வாத்து என்றால் நத்தை தின்னும் என்று ஒரு கூடை நத்தை நசுக்கி வைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பொடிமீன் வைத்தேன், அது காக்காய்க்குப் போனது. தவிடு பிசைந்து வைத்தேன், அதன்மேல் நடந்து போனது. மூன்றாம் நாள் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டேன். அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "சால்னாவும் ஊத்துங்க, அதான் கொறச்சல்" என்றாள். நான்காம் நாள் வாயைப் பிளந்து நானே ஊட்டப் பார்த்து இன்னொரு கடி வாங்கினேன். அன்று சாயங்காலம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அதுக்கு இன்னா வேணும்னு அதையே வுட்டுப் பாரேம்பா" என்று சொல்லி, கூடையைத் திறந்து, கூடவே நடந்து போனாய். அது நேராக வரப்புக்குப் போய்த் தலையைக் குனிந்து மாடு மாதிரி புல்லை மேய ஆரம்பித்தது. கறக் கறக்கென்று சத்தம் எனக்குக் கேட்டது. அலகின் ஓரமெல்லாம் கதிர் அரிவாள் மாதிரி பல்லுப் பல்லாக இருக்கிறது, புல் அறுக்கவே செய்த அலகு என்று நீதான் பிடித்துப் பார்த்துச் சொன்னாய். புல், கோரைக்கிழங்கு, அறுத்த வயலில் சிந்தின நெல், இளம்பயிரின் கொழுந்து, இவ்வளவுதான் அதன் சாப்பாடு. நத்தைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை ஏன் மறுபடி எழுதுகிறேன் என்றால், நாளைக்கு உனக்கும் பெண்டாட்டி பிள்ளை என்று வரும். பாசம் என்று நினைத்துக்கொண்டு யார் வாயையும் பிளந்து ஊட்டாதே. அது எங்கே தலையைக் குனிகிறது என்று கொஞ்சநேரம் பின்னால் நடந்து பார். எனக்குத் தெரியவில்லை, பதினாறு வயதில் உனக்குத் தெரிந்தது.

மறுவாரம் மாமாவின் வயலில் சம்பா அறுத்த தாளில் முளைத்திருந்த உளுந்துக் கொழுந்தை இரண்டு பாத்திக்கு மொட்டையடித்துவிட்டு வந்தது. மாமா வாசலில் நின்று, "மாமா, இது வாத்து இல்ல, மாட்டுக்குப் பொறந்தது. சாணியப் பாரு, பச்சையா போடுது. நான் அறுத்து கொழம்பு வைக்கறன், வுடு" என்று குதித்தான். நீ பள்ளிக்கூட நூலகத்திலிருந்து புத்தகம் கொண்டுவந்து டீக்கடையில் வைத்து அவனுக்குப் படித்துக் காட்டினாய். வரித்தலை வாத்து. கோடைகாலத்தில் திபெத்திலும் லடாக்கிலும் மலைமேல் இருக்கிற ஏரித் தீவுகளில் கூட்டமாகக் கூடு கட்டும். பனி விழுவதற்கு முன்னால் கிளம்பி, இமயமலைக்கு மேலே, மனிதன் மூச்சுவிடத் திணறுகிற உயரத்தில் பறந்து, இந்தப் பக்கம் இறங்கும். குளிர்காலம் முழுவதும் நம் மாதிரி ஊர் ஏரிகளில் பகலெல்லாம் தண்ணீரிலும் சேற்றுத்திட்டிலும் ஓய்வெடுத்து, இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்னாலும் வயலில் மேயும். மாசி பங்குனியில் திரும்பிப் போய்விடும். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏண்டா, நம்ம டவுன் பஸ்ஸே சேத்தியாத்தோப்பு பாலம் ஏற மூச்சு வாங்குது. இது இமயமல ஏறுதாமா? புக்குல போட்டவன் பார்த்தானா?" என்றான். டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடிக்கொண்டு, "அது தெரும்பப் போவும், அப்ப பார்த்துக்கோங்க" என்று சொன்னாய்.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாதது.

மாசிக் கடைசியில் புண் ஆறிவிட்டது. ஏரியில் முப்பது நாற்பது பட்டைத்தலைகள் கிளம்புவதற்குத் தயாராக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் விட்டுவிடலாம் என்று நீ நாள் குறித்தாய். நானும் சரி என்றேன். சனிக்கிழமை நீ ஸ்பெஷல் கிளாசுக்குப் போனாய். அம்மா குறிஞ்சிப்பாடிச் சந்தைக்குப் போயிருந்தாள். நான் பூசாரியைத் தொடை நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது இறக்கையை விரித்து, கத்தரிக்கோலால் வெட்டினேன்.

எங்கள் தொழிலில் இது ஒன்றும் புதிது இல்லை. நாட்டுவாத்தில் சிலது பட்டி வலையைத் தாண்டித் துள்ளும். அதற்கு ஒருபக்க இறக்கையில் மட்டும் பெரிய இறகுகளைக் குறைத்துவிடுவோம். ஒரு பக்கம் காற்றைப் பிடிக்கும், மறுபக்கம் பிடிக்காது, எழும்பினால் சாய்ந்து விழும். வலிக்காது, நகம் வெட்டுகிற மாதிரிதான். எல்லோரும் கட்டையாக ஒரே வெட்டு வெட்டுவார்கள், பார்த்தாலே தெரியும். என் கைவேலை வேறு. நுனியில் இரண்டு இறகை முழுசாக விட்டுவிட்டு, உள்ளே இருக்கிற எட்டையும் அடியோடு எடுப்பேன். இறக்கையை மடக்கினால் எதுவும் தெரியாது. வியாபாரிகூடக் கண்டுபிடிக்கமாட்டான். புவனகிரியிலிருந்து ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் இந்த வேலையில் என் கைக்கு ஒரு பெயர் உண்டு என்று எத்தனை தரம் உன்னிடமே பெருமையடித்திருக்கிறேன். அந்தக் கையைத்தான் உன்மேல் காட்டினேன். வெட்டின இறகுகளை அடுப்பில் போட்டேன். அந்த நாற்றம் போக வேப்பிலையும் போட்டேன். அம்மா வந்து கேட்டபோது கொசுவுக்கு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை உனக்கு நன்றாக நினைவிருக்கும். நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கரைமேட்டுக்கு வந்தாய். தண்ணீரில் இருந்த கூட்டம் ஆங், ஆங் என்று மூக்கால் கத்திக்கொண்டிருந்தது. இதுவும் கத்தியது. நீ இரண்டு கையையும் உயர்த்தி விட்டாய். நாலு தட்டு தட்டியது, வலது பக்கம் சாய்ந்தது, அரைவட்டம் சுற்றித் தண்ணீரில் பொத்தென்று விழுந்தது. மறுபடி எழும்பப் பார்த்தது, மறுபடி விழுந்தது. பிறகு நீந்தி, கரையேறி, உன் காலடியில் வந்து நின்றது. நீ மண்ணில் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாய். உன் கண்ணில் தண்ணீர். "அப்பா, அதுக்குப் போவ மனசு இல்லப்பா. நம்மகிட்டயே வந்துடுச்சிப்பா!" என்று கத்தினாய். என்னைப் பார்த்தாய். நான் சொல்லவேண்டிய நேரம் அது. ஒரு வார்த்தை போதும். நான் சொன்னேன்: "ஆமாண்டா. பழகிடுச்சி இல்ல?"

ஏன் வெட்டினேன்? கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன். முதல் காரணம் வெறும் பேராசை. இந்த உடம்பு உள்ள பறவையை நம் வாத்தோடு சேர்த்தால் குட்டி யானை மாதிரி குஞ்சு பொரிக்கும் என்று டீக்கடையில் சொல்லிவிட்டேன். ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது, அதில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்று நீ பின்னால் சொன்னாய். நான்கு வருஷம் முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை, ஒரு வாத்தை அது ஏறெடுத்துப் பார்த்ததும் இல்லை. இரண்டாவது காரணம் முதல் தடவை எனக்கே தெரியாது. அடுத்தடுத்த தடவை வெட்டும்போதுதான் தெரிந்தது. அடுத்த தடவை என்றால், ஆடியில் அதற்குப் பழைய இறகெல்லாம் உதிர்ந்து, ஆவணிக் கடைசியில் புது இறகு முளைத்து நின்றது. நான் வெட்டின இறகின் அடிக்கட்டையும் விழுந்துவிட்டது, அதாவது நான் செய்த தப்பைச் சாமி தானாக அழித்துக் கொடுத்தது. சும்மா இருந்திருந்தால் போதும். நான் மறுபடி கத்தரிக்கோலைத் தேடினேன். மறுவருஷம் நீ சிதம்பரத்தில் விலங்கியல் சேர்ந்தாய். உன்னோடு சேர்ந்த பிள்ளைகள் மாதம் ஒருதரம் ஊருக்குப் போனார்கள். நீ வாராவாரம் வந்தாய். பஸ்ஸைவிட்டு இறங்கி அம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் பட்டிக்குத்தான் போவாய், "பூசாரி!" என்று கூப்பிட்டுக்கொண்டு. பூசாரி இருக்கிறவரைக்கும் என் மகன் சனிக்கிழமை வருவான். அதற்காக வெட்டினேன். நான்கு வருஷத்தில் ஐந்து தடவை.

நீ அதைப் பிடித்து அளந்து எழுதப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லித் தடுத்தேன். வனத்துறையில் ஒப்படைக்கவேண்டும், வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்று இரண்டாம் வருஷம் நீ சொன்னபோதுகூட, "கயிறு கட்டியா வச்சிருக்கன்? அதுவா நிக்குது" என்று வாயை அடைத்தேன். நீ அதன் இறக்கையை ஒருதரம்கூட விரித்துப் பார்க்கவில்லை. உனக்குப் படிப்பு போதாததால் இல்லை. அப்பன் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்தாய்.

இரண்டாவது குளிர்காலத்தில் கூட்டம் வந்தபோது, அதில் ஒன்று மட்டும் பிரிந்து வந்து நம் வாத்துகளுக்குப் பக்கத்தில் இறங்கி, பூசாரியோடு ஒட்டியே மேய்ந்தது. "சொந்தக்காரங்க பார்க்க வந்துருக்காங்கப்பா" என்று நீ சிரித்தாய். மாமா, "வந்தவங்களுக்கு என் உளுந்துதான் விருந்தா?" என்று கேட்டான். இவை ஒருதரம் ஜோடி சேர்ந்தால் பிரியாது என்று நீயே சொல்லியிருந்தாய், நான் அதை மறக்கப் பார்த்தேன். பங்குனியில் கூட்டம் கிளம்பியது. அந்த ஒன்று மட்டும் கிளம்பவில்லை. எட்டு நாள் இருந்தது. தினமும் காலையில் எழும்பித் தலைக்குமேலே ஒரு சுற்று சுற்றும், கத்தும், கீழே இருப்பது எழும்பவில்லை என்றதும் இறங்கும். ஒன்பதாம் நாள் சுற்றியது, இறங்கவில்லை. நீ பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போயிருந்தாய். நான் கோலை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் மூன்று தடவை வெட்டியிருக்கிறேன் என்றால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீயே முடிவுசெய்துகொள்.

இப்போது நாய். நீ எல்லா இடத்திலும் சொல்கிற கதை. 2009 வைகாசி, ஏரி வற்றிக் குட்டையாகிக் கிடந்தது. இரண்டு நாய்கள் வந்தன. பூசாரி குறுக்கே நின்று, இறக்கையை விரித்து, எண்ணூறு வாத்தைக் காப்பாற்றி, தான் செத்தது என்று உனக்குப் போனில் சொன்னேன். நீ வந்து, கரைமேட்டில் குழி வெட்டி, கையால் மண் தள்ளினாய். கதையைக் கல்லூரியில் சொன்னாய். லடாக் வேலைக்கு நேர்காணல் செய்தவர்களிடம் சொன்னாய், அவர்களில் ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்று நீயே சொன்னாய். ஒவ்வொரு தடவையும் நீ சொல்லக் கேட்கும்போது எனக்கே அது நடந்த மாதிரி இருந்தது.

நடந்தது இது. நாய் பாய்ந்ததும் நம் வாத்தெல்லாம் குட்டைக்குள் ஓடின, வாத்து செய்கிற காரியம் அது. பூசாரி தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. எதிர்ப்பக்கம் ஓடியது, வெட்டவெளிக்கு, காற்று வருகிற திசையில். அப்படித்தான் அவை எழும்பும். ஓடி, இறக்கையை விரித்துத் தட்டியது. வலது பக்கம் சாய்ந்து விழுந்தது. எழுந்து, மறுபடி காற்றைப் பார்த்துத் திரும்பி, மறுபடி ஓடியது. மறுபடி சாய்ந்தது. நான் கத்திக்கொண்டு சேற்றில் ஓடிவந்தேன், கால் புதைந்தது. மூன்றாவது தடவையும் அது ஓடிப்பார்த்தது, தம்பி. யாரையும் காப்பாற்ற அது நிற்கவில்லை. பறக்கத்தான் பார்த்தது. கடைசிவரைக்கும் பறக்கத்தான் பார்த்தது. நான் போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டிருந்தது. நீ வருவதற்குள் நான் செய்த முதல் வேலை, அந்த இறக்கையை மடக்கி, துணியால் இறுக்கிக் கட்டியதுதான். நீ கும்பிட்டுப் புதைத்தபோது அவிழ்த்துப் பார்க்கவில்லை.

இதை நேற்று மத்தியானம் அம்மாவிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். தட்டை என் முன்னால் வைத்தாள், வைத்தாள் என்று மரியாதைக்கு எழுதுகிறேன். "கொசுவுக்குன்னு சொன்னியே" என்றாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் போட்ட வேப்பிலையை ஞாபகம் வைத்திருக்கிறாள். பிறகு, "இத வச்சிக்கினுதான் அவன் போவ மாட்டன்றான். நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்றாள். நானே சொல்கிறேன் என்றேன். அதற்கப்புறம் இந்த நிமிஷம்வரைக்கும் என்னோடு பேசவில்லை. ஒரு கை ஒடிந்தவனுக்கு மீன்குழம்பில் முள்ளெடுத்துக் கொடுக்கவேண்டும் என்று நாலுநாள் முன்னால் அவளுக்குத் தோன்றியது, நேற்று தோன்றவில்லை.

இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். இதில் உன் யோசனை கேட்கவில்லை. புயலில் பாதி வாத்து போனது உண்மைதான், மீதி இருக்கிறது. சித்திரையில் அவற்றைச் சேத்தியாத்தோப்புப் பக்கம் ஓட்டிப்போக மாமா ஒத்துக்கொண்டான். உளுந்தைப் பற்றி ஒரு மணிநேரம் பேசிவிட்டுத்தான் ஒத்துக்கொண்டான், அது வேறு. என் கட்டை சித்திரைப் பத்தில் அவிழ்க்கிறார்கள். கோல் பிடிக்க வலது கை போதும். பட்டிக்குப் புது மூங்கில் வந்து இறங்கியாகிவிட்டது. உன் அம்மா நம் எல்லோரையும்விடக் கெட்டி. நீ இங்கே உட்கார்ந்து தாங்கிப் பிடிக்கிற அளவுக்கு இங்கே எதுவும் சாயவில்லை. சாய்ந்தாலும், அதைச் சாக்காக வைத்து உன்னை நிறுத்திவைக்கிற உரிமை எனக்கு இல்லை. எனக்கு எப்போதோ போய்விட்டது அது.

நீ போகவேண்டும். நான் தள்ளுவதற்காக இல்லை, அந்தப் பறவைக்குப் பரிகாரமாகவும் இல்லை. பூசாரிக்குப் பதிலாக நீ போய் அங்கே இறங்கினால் கணக்கு சரியாகிவிடும் என்று சொல்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. பதினாறு வயதில் டீக்கடையே சிரித்தபோது சிரிக்காமல் புத்தகத்தை மூடினாயே, அந்தப் புத்தகத்தில் இருந்ததைப் போய்ப் பார்க்க உனக்கு ஆசை. ஆசை இருக்கிறவன் போகவேண்டும், அவ்வளவுதான். விசுவாசம் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பது என் கத்தரிக்கோல். அதை நம்பி ஒரு வாழ்க்கையை முடிவுசெய்யாதே.

சனிக்கிழமை வீட்டுக்கு வரவேண்டாம். சிதம்பரத்திலேயே உட்கார்ந்து "வருகிறேன்" என்று பதிலை எழுதி அனுப்பிவிட்டு, பிறகு வா. அனுப்பாமல் வந்தால் அம்மா கதவைத் திறப்பாள், நான் திறக்கமாட்டேன்.

இந்தக் கடிதத்தில் எங்கேயும் மன்னித்துவிடு என்று நான் எழுதவில்லை, கவனித்தாயா? மறந்துபோய் இல்லை. உன்னை எனக்குத் தெரியும். நான் கேட்டால் உடனே மன்னித்துவிடுவாய். மன்னித்த கையோடு, பாவம் அப்பா என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாய். அதனால் இப்போது வேண்டாம். நன்றாகக் கோபப்படு. என்னோடு பேசாமல் கிளம்பு. இரண்டு வருஷம் கழித்து மலையைவிட்டு இறங்கும்போது மனசு வந்தால், அப்போது வந்து மன்னி. நான் இங்கேதான் இருப்பேன்.

உன் அப்பா